எல்க் ஃபோர்க் அடுக்குக் கேக்கைக் கொடுத்தவர்கள்

என் பெயர் வெண்டல் ஸ்டிடம், வயது 67, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கென்டக்கி மலைப்பக்கம் எல்க் ஃபோர்க் ஊரில் கிரீக் சாலையில் குடியிருக்கிறேன். மாவட்டக் குழுத் தேர்தலில் நின்ற கோய் பிளெவின்ஸுக்கு நான்தான் பொருளாளர். தேர்தல் நிதி விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன். யாரும் மிரட்டவில்லை. கொடுத்த காபிதான் வாயில் வைக்க முடியவில்லை.

சென்ற செப்டம்பரில் பிரசாரச் செலவுக்காகத் தேவாலயக் கூடத்தில் பலகார ஏலம் நடத்தினோம். அதற்கு உலர்ந்த ஆப்பிள் வைத்த அடுக்குக் கேக் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அந்தக் கேக்கை ஒரே வீட்டில் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஓர் அடுக்கு கொண்டுவந்து சேர்ப்பார்கள். அப்படிச் சேர்ந்தால் தேர்தல் நிதிக் கணக்கில் அது சில்லறைக் கொடை, பெயர் எழுத வேண்டாம். முழுக் கேக்கையும் ஒருவரே கொடுத்தால் அவர் பெயரும் விலாசமும் மாநில வலைத்தளத்தில் ஏறிவிடும். ஏலம் எடுத்தவர் அங்கேயே வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்.

அதன் பிறகு, அந்தக் கேக் எங்கள் ஊர்ப் போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்டு, கொடுத்தவர் யார் என்று கேட்க அங்கே போனேன். வாசலில் ஆலோசகர் டார்லின் மறித்தார். "இங்க யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு விதி சார்" என்றார். "பேரு எழுதாம வாங்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதிம்மா" என்றேன். "அப்ப ரெண்டு பேரும் இப்படியே நிப்போம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, தானே சுட்டதாகச் சொன்னார். எல்லா அடுக்கையுமா என்று கேட்டேன்.

"இந்த வீட்டுக்கு யாரு சார் அடுக்கு எடுத்துட்டு வருவாங்க? கோய் ஜெயிச்சா இந்த இடத்த மூட விடமாட்டாருன்னு நானே உக்காந்து சுட்டேன்" என்றார். பிறகு, தன் சின்ன மகள் பிரிந்துபோன கணவரிடம் இருப்பதையும், அவளைத் தன்னிடம் தரக் கேட்டு வழக்கு நடப்பதையும் சொன்னார். "நான் இங்க இருக்கறது அந்தாளுக்குத் தெரியாது. என் பேரோட இந்த விலாசம் வந்துச்சுன்னா, பிள்ள கைய விட்டுப் போயிரும் சார்."

பெயர் எழுத முடியாத கொடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேக் எங்கள் எல்லார் வயிற்றுக்குள்ளும் போய்விட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அறிக்கையில் "கிரீக் சாலை அக்கம்பக்கத்தார், ஆளுக்கு ஓர் அடுக்கு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

எதிர்த்தரப்பார் புகார் கொடுத்த பின், அதிகாரி எங்கள் சாலையில் வீடு வீடாகப் போய், கேக்குக்கு அடுக்கு கொடுத்தீர்களா என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். என் மனைவியும் இல்லை என்றாள். அவர்கள் சொன்னது உண்மை.

பெண்ணின் பெயரைச் சொன்னால் எச்சரிக்கையோடு விடலாம் என்று அதிகாரி சொன்னார். குழந்தை வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால், என்மீது வழக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயருக்காக விட்டிருந்த வெற்றிடத்தை நானே கோடு போட்டு அடித்தேன்.

(ஒப்பம்) வெண்டல் ஸ்டிடம்