தோளில் ஒரு முடிச்சு

சிறு வயதிலிருந்தே எனக்கு ஊசி என்றால் பயம். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தால் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் ஹட்டனில் கடை போட்டு, அடுத்தவர் தசையில் ஊசி ஏற்றிப் பிழைத்தேன் என்றால் நீங்களும் சிரிக்கலாம், ஐயா.

படிப்பு என்று பார்த்தால், மருந்தில்லாத வெறும் ஊசியைக் குத்தித் தசைப்பிடிப்பை எடுக்கும் வைத்தியத்துக்குக் கொழும்பில் மூன்று நாள் வகுப்பு. அதிலும் பாதி நேரம் தூங்கிவிட்டேன். கடைப் பலகையில் 'டாக்டர்' என்று எழுதியது பலகைக்காரர். நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேச்சியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கூடை சுமந்து சுமந்து வலது தோளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. "கை தூக்க முடியலைங்க டாக்டர். கொழுந்து நிறை கொறைஞ்சா அரைப் பேருதான் போடுறாங்க, பாதி நாள் சம்பளந்தான்" என்றார். மகள் தனுஷிகா பக்கத்தில் நின்றாள். ஊசியை இறக்கினேன். முடிச்சு அசையவில்லை. வெளியே பெஞ்சில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானப் பிரச்சினை. இன்னும் ஆழமாக இறக்கினேன்.

பேச்சியம்மா இருமினார். "நெஞ்சுல குத்துதுங்க. மூச்சு எடுக்க முடியல."

வகுப்பில் நான் விழித்திருந்தபோது வாத்தியார் சொன்னது இது ஒன்றுதான்: அந்த இடத்துக்குக் கீழே நுரையீரல், ஆழம் போகாதே, போனால் உடனே ஆஸ்பத்திரி. எனக்கு ஞாபகமறதி அதிகம் என்று வீட்டில் திட்டுவார்கள். அன்றைக்கு வரி விடாமல் ஞாபகம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?" என்று தனுஷிகா கேட்டாள்.

"முடிச்சு அவிழுதும்மா, அப்படித்தான் இருக்கும். லயத்து வீட்டுல படுக்க வைங்க. ஆஸ்பத்திரியில வேற ஊசி போட்டா எல்லாம் கெட்டுப்போயிரும்" என்றேன். இருவரும் என்னைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் தனுஷிகா போனில் பேசினாள். அம்மாவுக்கு உதடு நீலமாகிறது என்றாள். சுடுதண்ணீர் கொடுக்கச் சொன்னேன். இருட்டுவதற்குள் பேச்சியம்மா போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமலிருக்க மனசு கேட்கவில்லை. அழுதழுது தனுஷிகாவுக்குக் கழுத்துப் பிடித்திருந்தது. "எனக்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்றாள். போட்டேன். மேலாகத்தான் இறக்கினேன், ரொம்பக் கவனமாக. வலி விட்டுவிட்டது என்றாள். அந்த வீட்டில் ஒருவருக்காவது என்னால் சுகம் கிடைத்தது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.