பூசைக்கு நிறுத்திய மெசின்

—ஷெட்டு மெயின் சுவிச்ச எறக்குனது நீயா, அப்பாவா? அதச் சொல்லு மொதல்ல.

—மாமாதாங்க. நீங்க ஒரகடத்துக்கு ஓ.டி. கெளம்புன கையோட எறக்கிட்டாரு. ஆயுத பூசையாச்சே! ஷெட்டக் கழுவி வுட்டுட்டு, மூணு மெசினுக்கும் பொட்டு வெச்சிக்கினு கீறோம். இன்னாங்க, வேல நேரத்துல போனு பண்றீங்க?

—மஹா, அந்த டிஸ்க் பெட்டியில கீறது நம்ம ஃபைலா? ஊரு பேரு தெரியாதவங்க நெட்டு வழியா காசு குடுத்து நம்மள நம்பி வெச்சது. அது பத்திரமா கீதுன்னு, கிராபிக்ஸ் கார்டு போட்ட மெசினு தெனமும் ஒருவாட்டி கணக்கு போட்டு நெட்வொர்க்குக்கு சாட்சி சொல்லணும். இன்னிக்கி கெடு முடிய இன்னும் இருவது நிமிசம்தான் கீது.

—டேய் சக்தி! முப்பது வருசம் லேத்துல நின்னவன்டா நானு. பூசை அன்னிக்கி ரெஸ்ட்டு குடுக்கலன்னா மெசினு வருசம் பூரா மக்கர் பண்ணும். நாளைக்கிக் காலையில கற்பூரம் காட்டி நானே போட்டு வுடறேன்.

—அப்பா, ஒங்க கால்ல வுழறேன், இப்பவே போடணும்ப்பா!

—போடா டேய், பூசணிக்கா வாங்கணும் எனக்கு.

—மஹா... போய்ட்டாரா?

—கெளம்பிட்டாருங்க. சொல்லுங்க.

—போன மாசம் கரண்டு போயி போயி எத்தினியோ நாளு சாட்சி தவறிடுச்சி. இன்னிக்கும் தவறுனா நம்மள நெட்வொர்க்குலேந்து கயட்டி வுட்டுருவானுங்க. பிணையா கட்டுன பணம் பூராவும் போய்டும்.

—பிணையா? மெசினுக்கு லோனு போட்டேன்னுதானே சொன்னீங்க?

—லோனு மெசினுக்கு. பிணைக்கி... அப்பாவோட படப்பை மனைப் பத்திரத்த அடமானம் வெச்சிட்டேன் மஹா. அவருக்குத் தெரியாது.

—அடப்பாவி மனுசா! ரிட்டயர்டு பணம் அத்தினியும் போட்டு அவரு வாங்குன ஒரே மனைங்க அது! சரி, அழாதீங்க. நான் போடறேன். எத மொதல்ல?

—மெயின மேல தூக்கு. அப்பால டிஸ்க் பெட்டி, அப்பால கார்டு மெசினு. புதுசா வர்ற ஃபைல மூட்ட கட்ற மெசினு இப்ப வாணாம்.

—இருங்க, தண்ணி தேங்கிக்கினு கீது, வழுக்குது.

—தண்ணியா? எக்ஸ்டென்சன் பாக்ஸு எங்க கீது?

—தரையிலதான். தண்ணிக்குள்ள கெடக்குது.

—தொடாத! மஹா, மெயினாண்ட போவாத! மனையாவது மசுராவது, வெளிய வந்துரு நீ!

—வந்துட்டேன், வந்துட்டேங்க.

—அப்பாடா. போன காதுல வெச்சிப் பேசு, ஏன் இப்டி எரையுது?

—கை ஈரங்க, மொதல்லேந்து ஸ்பீக்கர்லதான் பேசிக்கினு கீறேன்... ஐயோ, மாமா எங்கியுமே போவலீங்க, வாசலாண்ட நின்னு அத்தினியும் கேட்டுக்கினு இருந்துருக்காரு! பொட்டு வெச்ச எடம்னு செருப்ப வாசல்ல வுட்டுட்டு, வெறுங்காலோட மெயினப் போட உள்ள பூந்து தாப்பா போட்டுக்கினாரு!