இரண்டு புள்ளி எட்டு ஆறு

சலவைச் சோடா திறந்து கிடந்தால் எடை குறையும், இது ஒரு பெரிய விஷயமா என்றுதான் முதலில் நினைத்தேன். மொட்டைமாடியில் நான் காயவைத்திருந்த சோடாத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தங்கை எதிரே நின்றாள்.

"இது எதுக்குக்கா வெயில்ல?"

அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறவள். பாதி புரிந்திருக்கும். மீதியை நானே சொன்னேன். நேராகக் கேட்டால் எனக்குப் பொய் வராது.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, புட்டிகளை நிரப்புவது, சீட்டு ஒட்டுவது என் வேலை. கணக்கெல்லாம் என் மகள்தான். பதினேழு வயதில் அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் வேதியியல் படிக்க வேண்டும், விடுதியில் தங்க வேண்டும். செய்முறைத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். சனிக்கிழமைதோறும் சமையல்மேடையை ஒதுக்கிக்கொண்டு பழகினாள். பள்ளியில் கழித்துப்போட்ட தராசைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான்.

சலவைச் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் தனித்தனியே கரைத்துச் சேர்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் இறங்கும். கால்சியமும் கார்பனேட்டும் கைகோத்துக்கொள்ள, சோடியமும் குளோரைடும் சும்மா மிதக்கும். "அப்பா மாதிரி. வந்தாரு, மிதந்தாரு, போயிட்டாரு" என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். சோடா இரண்டு புள்ளி எட்டு ஆறு கிராம் போட்டால், வடிகட்டி உலர்த்திய சுண்ணாம்பு ஒரு கிராம் நிற்க வேண்டும். மோல் கணக்கு அப்படி. கிட்டத்தட்ட நின்றது. நின்ற அன்றைக்கெல்லாம் சித்திக்குப் போன் போடுவாள்: "புரொபசர் பேசறேன்."

ஒரு வாரம் நான் சோடாப் புட்டியை மூட மறந்துவிட்டேன். அது மறதிதான். அந்தப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் காற்றோடு போய்விட்டால், அதே எடையில் சோடா கூடிவிடும். அன்றைக்குச் சுண்ணாம்பு ஒன்றரை கிராம் வந்தது. மூன்று தடவை செய்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள்.

"என் கையே சரியில்லம்மா. நீ கூடவே இரேன்."

அவள் அப்படிச் சாய்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. புட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அடுத்த வாரம் நானே சோடாவைத் தட்டில் கொட்டி மாடி வெயிலில் வைத்தேன். காய்ந்த படிகம் மாவாகிவிடும், அது தெரியக் கூடாதே என்று எல்லா வாரமும் பொடித்தே கொடுத்தேன், சீக்கிரம் கரையும் என்று சொல்லி. எப்போதும் தப்பாக வந்தால் அவள் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பாள், கெட்டிக்காரி. அதனால் சில வாரம் நல்ல சோடா வைத்தேன். அந்த வாரங்களில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தேர்வன்று மூன்று மணி நேரமும் ஒரே பொருளை எடை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தாளில் ஓர் எண்கூட இல்லை. மறுவருடம் தேர்வுக்கூடத்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். இப்போது இருபது வயது. பூட்டை இழுத்துப் பார்க்க என்னைக் கூப்பிடுவாள். தலைவலி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது ஒண்ணுதானேம்மா?" என்பாள். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் விழுங்குவாள். தராசை மட்டும் விடவில்லை. சனிக்கிழமையானால் எடுத்துவைத்துவிடுவாள்.

எல்லாவற்றையும் கேட்ட தங்கை தட்டைக் கீழே வைத்தாள். "பரீட்சையெல்லாம் முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குக்கா காயவைக்கிற?"

"இப்ப சரியா வந்தா, அப்ப ஏன் வரலன்னு கேப்பாளே."

"புள்ளைய உசுரோட காயப் போட்டிருக்கியேக்கா."

நான் என்ன செய்ய முடியும்? ஒருநாள் நிறுத்தினால் எல்லா நாளும் வெளியே வந்துவிடும்.

கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் வாயேன்."

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எல்லாத்தையும் சொல்ல உனக்கு வாய் வராது, தெரியும். போட்ட எடை சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

இறங்கிப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். சமையல்மேடையில் தராசு இரண்டு புள்ளி எட்டு ஆறு காட்டிக்கொண்டிருந்தது. மகள் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாமல் நின்றாள்.

"சரியாம்மா?"

மிகச் சரி. அவள் எடை ஒருநாளும் தப்பியதில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாத்துடு கண்ணு" என்றேன்.

தங்கை செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மகள் தலையாட்டிவிட்டு, சோடாவைத் திரும்பப் புட்டியில் கொட்டினாள். பதற்றத்தில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டேன். நான் ஒருத்தி பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பெண் என்னதான் செய்யும்?