மூன்றாம் ஓலையில் எழுந்து நின்றவன்

அன்பும் அறிவும் ஆற்றலும் ஒருங்கே அமைந்த விழாத் தலைவர் அவர்களே! எங்கள் பங்குப் பேரவையின் தூணாய் நிற்பவரும், நான் "ஐயா" என்று அழைப்பதா "மாமா" என்று அழைப்பதா எனத் தெரியாமல் நான்கு மாதமாய்த் தவிக்கக் காரணமானவருமாகிய மதிப்பிற்குரிய சூசை அவர்களே! சிரிக்காதீர்கள் ஐயா, அவரே இன்னும் சிரிக்கவில்லை. அருளும் பொறுமையும் அளவின்றிப் பெற்ற பங்குத்தந்தை அவர்களே! டத்தோ கிராமாட் வட்டாரத்தின் மூத்தோர்களே, முத்தான தாய்மார்களே! குறிப்பாக, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவன் இன்னிக்கி என்ன பண்ணப் போறானோ" என்று செபமாலை உருட்டும் என்னைப் பெற்ற தாய் ஆலிஸ் அம்மையார் அவர்களே! செபராங் ஜெயாவிலிருந்து பாலம் கடந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் நண்பர், நாசி கண்டார் சோற்றுக்கடை உரிமையாளர் மீரா சாகிப் அண்ணன் அவர்களே! நிறைவாக, வலப்பக்கத் தூணோரம் அமர்ந்திருக்கும் ஆசிரியை எவ்லின் அவர்களே! ஐயோ, எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள்! அனைவருக்கும் இந்த டெஸ்மண்டின் தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கடவுளை நம்பக் காரணம் உண்டா?" என்பது. இந்தத் தலைப்புக்கு ஓர் இறையியல் பேராசிரியரைத் தேடினார்களாம். அவருக்குக் காய்ச்சலாம். அடுத்து ஓர் அருட்சகோதரியைத் தேடினார்களாம். அவருக்குப் பயணமாம். காய்ச்சலும் இல்லாமல் பயணமும் இல்லாமல் காலியாய் இருந்தவன் நான் ஒருவன்தான். போதாக்குறைக்கு, இந்தக் கோவிலில் பட்டப்பகலில், பூசை நடுவில், "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்று எழுந்து நின்று சொன்ன ஒரே ஆளும் நான்தான்!

வெளியூரிலிருந்து வந்தவர்கள் விழிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வழக்கம் என்ன? திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். தெரிவிப்பது என்றால் எப்படி? அலுவலகத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, எனக்கும் நம் விழாத் தலைவர் சூசை ஐயாவின் மகள் எவ்லினுக்கும் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர் தெரிவிக்கலாம் என்றார்கள். மாப்பிள்ளையே எழுந்து நின்றான்!

"சாமி, எனக்கு ஒரு தடை தெரியும். நான்தான் தடை. நான் எதையும் நம்பல."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய், உக்காருடா! மூச்சா வருதுன்னு சொல்லிட்டு வெளிய போயிருக்கலாம்லடா!" பாடகர் குழுவில் யாருடைய கையோ தவறி ஆர்மோனியத்தின் மேல் விழ, அது ஒரு முறை ஓலமிட்டு ஓய்ந்தது. பங்குத்தந்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேற கல்யாணம் ஆயிருக்கா, சொந்தத்துல தகராறு இருக்கா, அதத்தான் நாங்க கேட்டது. சரி, பூசை முடியட்டும், ஆபீசுக்கு வா."

இன்று சிரிக்கிறோம். அன்று ஒருவர் சிரிக்கவில்லை. புதுப் புடவையில் முன்வரிசையில் அமர்ந்திருந்த எவ்லின் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கோவில் வாசலில் என்னிடம் வந்தார். வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன் அந்த வார்த்தையை.

"எனக்காக நம்புறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்பினா வந்து சொல்லுங்க. நம்பாட்டியும் வந்து சொல்லுங்க. பொய் மட்டும் வேணாம். அது வரைக்கும் கல்யாணப் பேச்ச நிறுத்தி வைப்போம்."

ஏன் நம்பிக்கை போயிற்று என்று கேட்கிறீர்களா? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பிழைப்புதான் காரணம். காப்புறுதி நிறுவனத்தில் விபத்து விசாரிப்பவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளாய்ப் பொய் கேட்ட காது இது! காரைக் கொண்டு மோதியவர் சொல்வார், "நான் நின்னுட்டுதான் இருந்தேன்." மோதப்பட்டவர் சொல்வார், "நானும் நின்னுட்டுதான் இருந்தேன்." நின்றுகொண்டிருந்த இரண்டு கெரேத்தாவும் எப்படி ஐயா நசுங்கும்? கேட்டுக் கேட்டு, மனிதர் சொல்லையும் நம்பாமல் போனேன், மறைநூல் சொல்லையும் நம்பாமல் போனேன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தேன். ஏன்? அம்மா எழுப்பிவிடுவார்!

மறுநாள் திங்கட்கிழமை. மதியச் சோற்றுக்கு மீரா சாகிப் அண்ணன் கடைக்குப் போனேன். அண்ணன் எனக்கு எப்படிப் பழக்கம்? இரண்டு ஆண்டுக்கு முன் அவருடைய வேன், கடைக்குப் பின்னால் நின்ற ஒரு காரை இடித்துவிட்டது. பார்த்தவர் இல்லை, படம்பிடித்த கருவி இல்லை. எப்படி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவர் எழுதிய வாக்குமூலம் ஒரே வரி: "தப்பு என் மேலதான், நான் பின்னால பாக்கல." பன்னிரண்டு ஆண்டில் அப்படி ஒரு தாளை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு அங்கேதான்.

நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, மனுசனுக்குப் பயந்திருந்தா நீ உக்காந்துதான் இருப்பே. அப்ப யாருக்காக எந்திரிச்சே?"

"பொய் சொல்லக் கூடாதுல்ல அண்ணே."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். தப்புன்னா தப்புதான்."

"யாரும் பாக்காட்டியுமா?"

"ஆமா."

"சொன்னா உன் கல்யாணமே நின்னுடும்னாலுமா?"

"ஆமாண்ணே!"

"அப்ப அந்த 'ஆமா'வ எங்கருந்துலா எடுத்துட்டு வந்தே? சரி சரி, சாப்பிடு, கறி ஆறுது."

கறி ஆறியது, என் மனம் ஆறவில்லை! தாய் சொன்னார், உட்கார். ஊர் சொன்னது, உட்கார். ஆசை சொன்னது, உட்கார். அச்சம் சொன்னது, உட்கார். அவமானம் அலறியது, உட்கார். அத்தனை பேரும் உட்கார் உட்கார் என்று சொல்லும்போது, எழு என்று சொன்னது எது? எவருடைய குரல் அது?

அதோ, பொறியாளர் ஜெஃப்ரி கை தூக்குகிறார். என்ன அண்ணே? "அது வளர்ப்பு" என்கிறார். நல்ல கேள்வி! ஆனால் என்னை வளர்த்தவர்தானே அண்ணே சட்டையைப் பிடித்து இழுத்தவர்! இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். என்ன, விடமாட்டேன் என்கிறீர்களா? "மூளைக்குள் நடக்கும் ரசாயனம்" என்கிறீர்களா? இருக்கட்டும். மூளையில் ரசாயனம் ஓடட்டும். ரசாயனம் என்ன நடக்கிறது என்று சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுமா? உப்பு கரையும். "உண்மையாக இரு" என்று உப்பு எவருக்காவது கட்டளை இட்டதுண்டா? எனக்குக் கட்டளை வந்தது ஐயா! கட்டளை வந்தால் கட்டளையிட்டவர் ஒருவர் இருக்க வேண்டாமா?

கடவுளை நம்பாதவர் நேர்மையாக இருக்க முடியாது என்று சொல்கிறேனா? சொல்லவே இல்லை. நம்பாதபோதுதானே நான் உண்மை சொன்னேன்! கடவுள் இல்லை என்று சொல்ல எழுந்தேன். எழச் சொன்னவரே அவர்தான் என்று பிறகு அறிந்தேன். எப்பேர்ப்பட்ட வேடிக்கை பாருங்கள்! இது இரண்டும் இரண்டும் நான்கு என்பது போன்ற நிரூபணம் அன்று. என் தொழிலில் அப்படி ஒன்று கிடைக்கவும் கிடைக்காது. எந்தப் பக்கம் சாட்சி சாய்கிறது என்று பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம். சாட்சி சாய்ந்துவிட்டது.

அதோடு விட்டேனா? நற்செய்தி நூலை எடுத்தேன். பக்தியோடு எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அலுவலகத்தில் பொய்க்கு அடிக்கோடிடும் பச்சைப் பேனாவோடு எடுத்தேன்! வாக்குமூலத்தை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். பொய் வாக்குமூலத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. சொல்பவன் எப்போதும் நல்லவனாக இருப்பான். இங்கே என்ன இருக்கிறது? தலைமைச் சீடர் மும்முறை மறுதலித்தார் என்று எழுதியிருக்கிறது. மற்றவர்கள் ஓடிப்போனார்கள் என்று எழுதியிருக்கிறது. கல்லறை காலி என்று பெண்கள் வந்து சொன்னபோது, ஆண்கள் அதைப் பிதற்றல் என்று நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தாய்மார்கள் கைதட்டுகிறார்கள், தட்டுங்கள்! யார் ஐயா தன் கூட்டத்தின் கோழைத்தனத்தைத் தானே எழுதி ஊர் ஊராய் வாசிப்பான்? "தப்பு என் மேலதான்" என்று எழுதும் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பேனாவை மூடி வைத்தேன்.

பச்சை விளக்குக்காக மோட்டார் சைக்கிளில் காத்திருந்த ஒரு காலையில், ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கேட்டேன்: "எழச் சொன்னது நீர்தானா?" வானம் பிளக்கவில்லை. பின்னால் இருந்த லாரிக்காரர்தான் ஹார்ன் அடித்தார். ஆனால் எனக்குள் ஒரு மகிழ்ச்சி புகுந்தது ஐயா! பன்னிரண்டு ஆண்டு எவரையும் நம்பாதவன், அன்று அலுவலகம் போய் எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னேன். மேலாளர் பயந்துவிட்டார்.

தலைவர் மணியை எடுக்கிறார். இன்னும் ஒரு நிமிடம், மாமா... மன்னிக்கவும், ஐயா.

எவ்லின்! உங்களை நூற்றுக்கணக்கானோர் முன்னால் தலைகுனிய வைத்தவன் நான். அதற்காக இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நம்பினால் வந்து சொல்லுங்கள் என்றீர்கள். வந்தேன், சொல்கிறேன். நான் நம்புகிறேன். உங்களுக்காக நம்பவில்லை. நீங்கள் இன்று வேண்டாம் என்று சொன்னாலும் நம்புவேன். நெஞ்சு உடையும், நம்பிக்கை உடையாது. இதுதான் நான் சொல்ல வந்தது, இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

என்ன... எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி! அவரிடம் மைக் இல்லை, நானே திருப்பிச் சொல்கிறேன். கேட்கிறார்: "நான் வேணாம்னு சொன்னா, அடுத்த ஞாயிறு பூசைக்கு வருவீங்களா?" வருவேன்! அழுதுகொண்டே வருவேன், ஆனால் வருவேன்! அம்மா எழுப்பாமலே வருவேன்!

என்ன எவ்லின்? இன்னொரு முறை, சத்தமாக...

சொல்லிவிட்டார் ஐயா! கேட்டீர்களா? "அப்ப சேர்ந்தே போலாம்" என்கிறார்!

மாமா, மணியை அடியுங்கள், ஓங்கி அடியுங்கள், ஓயாமல் அடியுங்கள்! பேச்சு முடிந்தது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேள்வி கேட்ட அண்ணன்மார் இருவருக்கும், எழச் சொன்ன ஆண்டவருக்கும் என் நெஞ்சு கொள்ளாத நன்றி. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! வழி விடுங்கள், நான் தூணோரம் போக வேண்டும். வணக்கம்!