சாக்குன்னா நிக்கும்

அந்த ஸ்டூல்ல ஏறாதீங்க தம்பி, அதுக்கு ஒரு கால் குட்டைங்க. இந்தக் கட்டு மேல ஏறி நில்லுங்க. பயப்படாதீங்க, எல்லாம் சாக்குதானுங்க, மெத்து மெத்துன்னு இருக்கும். நஞ்சன்கூடு மில்லுக்குப் போகற நெல்லுச் சாக்கு. தேவராஜ மொஹல்லாவுல கடை இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கடைல ஆளு நின்னா சாக்கு நிக்காது, சாக்கு நின்னா ஆளு நிக்க முடியாது. அதான் கொஞ்சம் ஊட்ல கொண்டாந்து போட்டிருக்கறேன். சோபாவா? இருக்குதுங்களே. நீங்க நிக்கறதுக்கு அடியில இருக்குது.

தமிழ் இத்தனை நல்லா வருதேன்னு பாத்தேன், ஹனூர்க்காரருங்களா நீங்க? அடடா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா! நான் கொள்ளேகாலமுங்க, பேரு ஜடையன். காமிரா கம்பெனில இருந்து யாராச்சும் கன்னடத்துக்காரங்கதான் வருவாங்கன்னு, காலைல இருந்து கன்னடத்துல சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு. பரவால்ல, சந்தோசமுங்க. எறங்கி வாங்க, கம்ப்யூட்டரு முன்னால உக்காருங்க. ஐயோ, அது நாற்காலி இல்லீங்க, குண்டலுபேட்டை மஞ்சச் சாக்கு. பேண்ட்டு பூராவும் மஞ்சளாயிரும். இந்தப் பக்கம் உக்காருங்க.

என்ன கேட்டீங்க, திருட்டுப் பயமா? சாக்கை எவனுங்க திருடுவான்? திருடனே தன் சாக்கைக் கொண்டுட்டுத்தானுங்க வருவான். இந்தக் காமிரா எனக்கில்லீங்க. என்ற ஊட்டுக்காரி கமலம்மாளுக்கு. அவ இப்ப பெங்களூர்ல, மக மோகனப்ரியா ஊட்ல இருக்கறா. நாலு நாளு இருந்துட்டு வர ஒறம்பரையாப் போகலீங்க, கோவிச்சுட்டுப் போயிட்டா.

தும்மல்ல ஆரம்பிச்சதுங்க. ஒரு நாளு காலைல எந்திரிச்சதுல இருந்து தும்மறா, தும்மறா, நிக்கவே இல்ல. கடைசியா மூக்கைத் தொடச்சுட்டு, இந்த ஊட்ல மனுசி இருக்கறதா, சாக்கு இருக்கறதான்னு கேட்டா. நான் கம்முனு இருந்திருக்கலாம். இருந்தனா? சாக்குதாண்டி நமக்குச் சோறு போடுதுன்னு சொல்லிப்போட்டனுங்க. அப்படிங்களா, அப்ப இனிமே சாக்கையே சோறு போடச் சொல்லுங்கன்னு பொட்டியெடுத்துட்டு பஸ் ஏறிட்டா. அன்னிக்கு மத்தியானம் நான் சாக்கைப் பாத்தேன், சாக்கு என்னையப் பாத்துது. ஒரு பருக்கை போடலீங்க.

மாப்பிள்ளை தங்கமானவருங்க. மாமா தனியா இருக்கறாரு, சர்க்கரை வேற இருக்குதுன்னு, ஒரு ஞாயித்துக்கெழமை வந்து காமிராவை மாட்டி, அவரோட பழைய கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வெச்சு, அதுல இந்த சாப்ட்வேரையும் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. இங்க நடக்கறது பூராவும் அங்க கமலாளோட போன்ல தெரியும். ஏன் சமையல்கட்டு வாசலைப் பாத்து மாட்டியிருக்குதுன்னு கேக்கறீங்களா? அது அவ உத்தரவுங்க. ஹாலோட நிக்கட்டும், சமையல்கட்டுக்குள்ள ஒரு சாக்கு நொழஞ்சாலும் நான் திரும்பி வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனா. அங்க உக்காந்துட்டு எல்லையைக் காவல் காக்கறா.

பேச்சா? எங்கீங்க பேசறா. நான் கூப்பிட்டா மகதான் எடுக்கும். அம்மா பூசைல இருக்கறாங்கப்பாங்கும். காலைல கூப்பிட்டாலும் பூசை, பொழுதோட கூப்பிட்டாலும் பூசை. மாதேஸ்வரன் கோயில் பூசாரிகூட நடுவுல எந்திரிச்சுப் போயி சாப்பிட்டுட்டு வருவாருங்க. அவ திட்டுனாக்கூடத் தாங்கிக்குவேன், பேசாம இருக்கறதுதான் தாங்க முடியல.

ஆனா காமிரா நின்னா மட்டும் அவளே கூப்பிட்டுருவா!

மொதல் தடவை நின்னப்ப நான் கடை ஆளுகிட்ட போன்ல கணக்குப் பேசிட்டிருந்தேன். கம்ப்யூட்டரு டப்புன்னு கறுத்துப் போச்சு. காமிரா நிறுத்தப்பட்டதுன்னு எழுத்து வந்துது. என்ன ஏதுன்னு கிட்டப் போயிப் பாக்கறதுக்குள்ள போனு. கமலா. காமிராவை மூடிட்டு சமையல்கட்டுக்குள்ள எத்தனை ஏத்துனீங்கங்கறா. ஒண்ணும் ஏத்தலடிங்கறேன். அப்பறம் எதுக்கு மூச்சு வாங்குதுங்கறா. சத்தியம் பண்ணுங்கங்கறா. பண்ணினேன். எந்தச் சாமி மேலங்கறா. மாதேஸ்வரன் மேலன்னு சொன்னதுக்கப்பறந்தான் நம்புனா. ஒரு பச்சைப் பட்டன் இருக்குது பாருங்க, அதை அமுக்குனா மறுபடியும் ஓடும். அமுக்கி, சமையல்கட்டு வாசல்ல நின்னு, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனேன். இந்த வயசுல.

அதுல இருந்து தெனமும் நின்னுதுங்க. நல்லா ஓடிட்டே இருக்கும், நான் பாட்டுக்கு யாவாரம் பேசிட்டிருப்பேன், டப்பு. ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு இல்ல, மூணு தடவையும் நிக்கும் நாலு தடவையும் நிக்கும்.

ஆன்டிவைரஸா? அதெல்லாம் பாத்தாச்சுங்க. சேகரன்னு ஒருத்தரு, செல்போன் ரிப்பேர் பண்றவரு, அவரைக் கூட்டியாந்தேன். ஆன்டிவைரஸ்தான் இதோட கழுத்தைப் பிடிக்குதுன்னு அதை எடுத்து விட்டாரு. நின்னுது. கம்ப்யூட்டரு அப்பப்பத் தூங்கிப் போயிருதுன்னு, தூங்காம இருக்கற மாதிரி என்னமோ மாத்துனாரு. தூங்கல, ஆனா நின்னுது. டிஸ்க்கு ரொம்பிப் போச்சுன்னு பழசை எல்லாம் அழிச்சாரு. அழிச்சா என்ன நட்டம்? நான் சமையல்கட்டுக்குள்ள போறதும், கருகுன வாசத்தோட வெளிய வர்றதும்தான் பூராவும். அப்பவும் நின்னுது. கடைசில சூடுங்க, சூடுதான் காரணமுன்னு ஒரு டேபிள் பேனை அது மேல திருப்பி வெச்சாரு. அந்தக் காத்துக்குச் சாக்குத் தூசி அத்தனையும் எந்திரிச்சு, மனுசன் தும்ம ஆரம்பிச்சாரு. தும்மிட்டே படியெறங்கிப் போனவருதான், இன்னும் இந்தப் பக்கம் வரல.

நானும் என்னால ஆனதைப் பண்ணினேன். கண்ணு பட்டிருக்குமுன்னு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் பக்கத்துல வெச்சேன். எறும்பு வந்துது. வந்த எறும்பு மவுசுக்குள்ள குடி போயிருச்சு. அதான் நீங்க அமுக்கறப்ப கையில ஊருது, பயப்படாதீங்க, கடிக்காது.

ஒவ்வொரு தடவையும் கமலா கூப்பிடுவா. திட்டறதுக்குத்தானுங்க. ஆனா எத்தனை நேரந்தான் ஒரு மனுசனைத் திட்ட முடியும்? திட்டி முடிச்சுட்டு, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. ரசம் வெச்சேன், வெந்நி மாதிரி இருக்குதுன்னு சொன்னா, பருப்புத் தண்ணி ஊத்துனீங்களான்னு கேப்பா. பக்கத்து ஊட்ல நாயி வாங்கியிருக்கறாங்கன்னு சொன்னா, என்ன நெறமுன்னு கேப்பா. நாயி நெறத்துல அவளுக்கு என்னங்க வேலை? நானும் போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்னு, போனைக் கையில வெச்சுட்டே போயிப் பாத்துட்டு வந்து சொன்னேன். போனு காதைச் சுடற வரைக்கும் பேசியிருக்கறோம்.

காரணமா? அதைக் கண்டுபிடிச்சாச்சுங்களே! சொல்லாம விட்டுட்டனா? எதுத்த ஊட்ல லிங்கப்பன்னு ஒரு பெரியவரு, கன்னடத்துக்காரரு. ஒரு நாளு காப்பி குடிக்க வந்தாரு. இந்த எடத்துலதான் உக்காந்திருந்தாரு. நான் டம்ளர்ல ஊத்தறேன். ஊத்த ஊத்த அவரு கையைக் குறுக்க நீட்டி, சாக்கு சாக்குங்கறாரு. கன்னடத்துல போதும்னா அதுதான், உங்களுக்குத் தெரியாததா. நாம சொல்றதைச் சித்த மெலிசாச் சொல்லுவாங்க. அவரு சொல்லி வாயை மூடல, கம்ப்யூட்டரு டப்பு! நான் அவரைப் பாக்கறேன், அவரு கம்ப்யூட்டரைப் பாக்கறாரு, காப்பி அவரு வேட்டில போயிட்டிருக்குது.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துது. மாப்பிள்ளை போறப்ப சொல்லியிருக்கறாரு. மாமா, உங்களுக்குக் கையில வேலை இருக்கும், தொட வேண்டியதில்ல, போதும்னு வாயால சொன்னாலே நிக்கும், தமிழ் இதுக்கு வராது, அதனால கன்னடத்துல வெச்சிருக்கறேன்னு. நானும் தலையாட்டியிருக்கறேன். மாப்பிள்ளை பேசினா தலையாட்டறது மரியாதை. காதுல வாங்கணுமுன்னு இருக்குதுங்களா?

இப்பப் புரியுதுங்களா? நான் யாருங்க, சாக்கு யாவாரி! வாயைத் தொறந்தா வேற என்ன வரும்? சாக்கு வந்துதா, சாக்கு போச்சா, கிழிஞ்ச சாக்கு எத்தனை, தெச்ச சாக்கு எத்தனை. அதுவும் பாவம், ஐயா போதுங்கறாரு, ஐயா போதுங்கறாருன்னு ஒவ்வொரு தடவையும் மரியாதையா நின்னிருக்குது. சிரிங்க சிரிங்க. நாங்களும் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

இல்லீங்க, மாப்பிள்ளைகிட்டச் சொல்லல. கமலாகிட்டயும் சொல்லல. எதுக்குன்னா... காப்பி சாப்பிடறீங்களா தம்பி? வேண்டாமுங்களா. சரி.

இப்ப என்ன தேடறீங்க? வாயால சொன்னா நிக்கறதை அணைக்கப் போறீங்களா? ஏற்கெனவே அணைஞ்சுதான் கெடக்குதா? அப்டேட் ஆனப்பத் தானா அணைஞ்சிருக்கும்ங்கறீங்க. ஓ. அதுதானா சேதி. நானும் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்.

ஆமாங்க. நீங்க சொல்றது நெசந்தான். நாலஞ்சு நாளா நிக்கவே இல்ல. கல்லுக்குண்டாட்டம் ஓடுது. அப்பறம் எதுக்குக் கம்ப்ளெயிண்ட்டு குடுத்தேன்னா...

அதுதானுங்க கம்ப்ளெயிண்ட்டே.

உங்க கம்பெனிக்குப் போனு பண்ணினேன். மிசினு பேசுது. காமிரா நின்னு நின்னு போனா ஒண்ணை அழுத்துங்க, படம் மங்கலாத் தெரிஞ்சா ரெண்டை அழுத்துங்கன்னு வரிசையாச் சொல்லிட்டே போச்சு. நிக்க மாட்டேங்குதுன்னா எதை அழுத்தறதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலீங்க. நானும் எத்தனை நேரம் காத்திருக்கறது, ஒண்ணையே அழுத்திட்டேன்.

அட, பொட்டியை மூடாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. ஹனூர்க்காரரு நீங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. லிங்கப்பன் வந்துட்டுப் போனப்பறம் நான் வேணும்னேதான் சொல்ல ஆரம்பிச்சனுங்க. பொழுதோட ஊடு கம்முனு கெடக்கும். எந்திரிச்சுப் போயி காமிராவுக்கு நேரா நின்னுட்டு, சாக்குன்னு ஒரு வார்த்தை. டப்புன்னு நிக்கும். அவ கூப்பிடுவா. அவ்வளவுதானுங்க.

இப்ப நாலஞ்சு நாளா அது முன்னால நின்னு கத்தறேன். மெதுவாச் சொன்னேன், சத்தமாச் சொன்னேன், பாட்டா இழுத்துக்கூடப் பாத்தேன். லிங்கப்பனைக் கூட்டியாந்து அவரு வாயாலயே சொல்லச் சொன்னேன். அசையல. அவளுக்கு எல்லாம் தெரியுது, நான் சாப்பிடறது, உக்காந்திருக்கறது, படுக்கறது. நல்லாத் தெரியறப்ப எதுக்குக் கூப்பிடுவா? அவ என்னையப் பாத்துட்டுத்தான் இருக்கறா. எனக்குத்தான் அவ குரல் இல்ல. சாக்குக்கு நடுவுல ஒருத்தன் எத்தனை நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பான், சொல்லுங்க. ரொம்ப வெசனமா இருக்குது தம்பி. அதனால நீங்க பெரிய மனசு பண்ணி, இதை மறுபடியும் நிக்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? மைக்கா? இருக்கத்தானே வேணும், இல்லாட்டி நான் சொல்றது அதுக்கு எப்படிக் கேக்கும்? கம்ப்யூட்டருக்கு மட்டுந்தானே கேக்கும்? அவ போனுக்குமா? படத்தோட சேந்து சத்தமும் போகுமா? எப்ப இருந்துங்க? மாட்டுன நாள்ல இருந்தா!

அப்ப நான் காமிரா முன்னால போயி நின்னு சொன்னதெல்லாம் அவ காதுல விழுந்திருக்குமுங்களே. அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுட்டேவா எத்தனை ஏத்துனீங்க, எத்தனை ஏத்துனீங்கன்னு கேட்டா? மாதேஸ்வரன் மேல சத்தியம் வேற வாங்குனாளே!

இருங்க இருங்க. இப்பவும் ஓடிட்டுத்தானே இருக்குது. இப்ப நான் பேசினது? வெசனமா இருக்குதுன்னு சொன்னது?

போனு அடிக்குதுங்க. எங்க வெச்சேன்? அந்தக் கட்டுக்குப் பின்னால பாருங்க, இல்ல இல்ல, அக்கட்ட, அந்த ஓரத்துல. கொண்டாங்க. அவதானுங்க. காமிரா நிக்கவே இல்லீங்களே தம்பி!

ஆங். சொல்லு கமலா. இல்ல, இன்னும் சாப்பிடல.