கழுத்துல முடி முளைக்காத நாய்

அங்க நிக்காதீங்கம்மா, இன்னும் ஒரு நிமிஷத்துல அந்த எடம் பூரா தண்ணி ஊத்திக் கழுவுவேன். வெள்ள செருப்பு வேற. நாய்க் காப்பகத்துக்கு வெள்ள செருப்பு! பரவால்ல, ஏதோ கல்யாணத்துக்குப் போற வழில எறங்கிட்டீங்கன்னு நெனச்சுக்கறேன். இப்படி வாங்க, இங்க காஞ்சிருக்கு.

டாக்டர் அல்மா சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. நான் இங்க வேல பாக்கறவன் இல்லம்மா. சும்மா வர்றவன். வியாழன், ஞாயிறு. மத்த நாள்ல ட்ரைசைக்கிள்ல சவாரி ஓட்டறேன். ரொடெல்னு கேட்டா மார்க்கெட்ல யாரு வேணா காட்டுவாங்க.

சேவையா? அட நீங்க வேற. சேவை செய்யறவங்க போன வாரம்தான் வந்துட்டுப் போனாங்க. ஏதோ கம்பெனி, இருவது பேரு, எல்லாருக்கும் மஞ்ச பனியன். மூணு கால் நாயாப் பாத்துப் பாத்துத் தூக்கிப் படம் எடுத்தாங்க. பாவம், நாலு காலும் உள்ள நாய அன்னிக்குச் சீண்ட ஆளில்ல. கெளம்பறப்ப ஒரு பொண்ணு அழுதுச்சு, நெஜமாவே அழுதுச்சு. அப்பறம் நாலு தடவ சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வண்டி ஏறிடுச்சு. பீ அள்ளற தகரத்த மட்டும் ஒருத்தரும் தொடல. படத்துல எடுப்பா இருக்காதுல்ல.

எதப் பாக்க வந்தீங்க? ஸ்வெர்தேயா? போன்ல படம் பாத்தே முடிவு பண்ணிட்டீங்களா? ஆச்சரியமா இருக்கும்மா. வர்றவங்கல்லாம் வெள்ளையா, புசுபுசுன்னுதான் கேப்பாங்க. போன மாசம் ஒருத்தர், கொலைக்கக் கூடாது, முடி கொட்டக் கூடாது, வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகக் கூடாதுன்னாரு. கடைத்தெருவுல பீங்கான்ல விக்கறான் சார், வாரம் ஒருக்கா தொடச்சாப் போதும்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே உன்ன வாசப் பக்கமே விட மாட்டேன்னு டாக்டர் கத்தினாங்க. இப்பப் பாருங்க, வாசல்ல நான்தான் நிக்கறேன்.

கொண்டாந்து விடறவங்க இன்னும் அழகு. கொழந்தைக்கு ஒத்துக்காதும்பாங்க, கொழந்தை இன்னும் வயித்துக்குள்ள இருக்கும். ஒரு அம்மா, புது சோபாவுக்கு நாய் கலரு பொருந்தலன்னாங்க. சொல்லிட்டு அது நெத்தியில முத்தம் வேற. சோபாவ இங்க விட்டுட்டு நாயக் கூட்டிட்டுப் போங்களேன், சோபாவ நாங்க நல்லாப் பாத்துக்கறோம்னேன். அதுக்கும் எனக்குத்தான் திட்டு.

வாங்க, கடைசிக் கூண்டு. இதான். கதவத் தொறக்கறேன், கையக் கீழ வச்சு நீட்டுங்க, மேலேருந்து கொண்டு போனா பயப்படும். ஆங், அப்படித்தான்.

ஸ்வெர்தேயாம். அப்படின்னா அதிர்ஷ்டமாம்! டாக்டர் வச்ச பேரு. கழுத்தப் பாத்தாலே தெரியுதுல்ல எவ்ளோ அதிர்ஷ்டம்னு. சுத்தி வளையம் மாதிரி, அங்க மட்டும் முடி மொளைக்கவே இல்ல. மூணு வருஷம் முன்னாடி பெரிய புயல்ல ஆறு ஏறுச்சே, அப்ப ஆனது. டாக்டர் ஆளுங்க படகுல போனப்ப நாலாம் நாளு. பன்னிக் கொட்டகைக் கூரைமேல நின்னுட்டிருந்துச்சாம். சங்கிலி எட்டின மட்டும் ஏறியிருக்கு. தண்ணி கழுத்து மட்டும் வந்து நின்னுருக்கு. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா ஸ்வெர்தேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சங்கிலி கறிக்குள்ள போயிருந்துச்சாம்மா.

வச்சிருந்தவனா? அந்த மகராசன் முதல் நாளே படகேறிட்டான். பொண்டாட்டி, ரெண்டு புள்ள, அரிசி மூட்ட, டிவிப் பொட்டி. ஆமா, டிவிப் பொட்டிக்கு எடம் இருந்துச்சு.

அவனையே கட்டிப் போடணுமா? நியாயம்தான். டாக்டரும் அதான் சொல்வாங்க. நான் பக்கத்துல நின்னு ஆமா டாக்டர், ஆமா டாக்டர்ம்பேன்.

அது எப்பவும் அப்படித்தாம்மா, என் காலு மேலதான் வந்து உக்காரும். ரொடெலுக்குக் கைராசி, நாய்ங்கல்லாம் அவன்கிட்ட ஒட்டிக்குதுன்னு இங்க எல்லாருக்கும் ஒரே பெருமை. கைராசி!

நான் இங்க வந்ததே சவாரிக்குத்தான். நொய்யரிசி மூட்ட எறக்க. எட்டு மாசமா மூலையில சுருண்டு கெடந்த நாயாம், சோறு வச்சாக்கூட ஆள் போனப்பறம்தான் எந்திரிக்குமாம். மூட்டயத் தோள்ல வச்சுட்டு நான் உள்ள வந்தேன். எந்திரிச்சுச்சு. கம்பிகிட்ட வந்து நின்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, கொலைப்பு இல்ல, அது வேற. அப்பறம் வாலு. வாலாட்டுதும்மா, அந்தக் கழுத்த வச்சுக்கிட்டு. மூட்ட கீழ விழுந்து அரிசியெல்லாம் கொட்டிடுச்சு. இது ஒருத்தர்கிட்டயும் வராது, நீ அடிக்கடி வாய்யான்னு டாக்டர் கையப் புடிச்சுக் கேட்டாங்க. முடியாதுன்னு எந்த வாயால சொல்ல?

சங்கிலியா? நல்ல சங்கிலிம்மா, துருப் புடிக்காது. கடையில மூணு நாலு பாத்து, இருக்கறதுலயே கெட்டியா நான்தான் எடுத்தேன்.

ஆமா. நான்தான்.

அவுக்க எவ்ளோ நேரம் ஆகும்? ஒரு கொக்கி. படகுக்காரன் ஆளு மட்டும்னான். அவுத்துவிட்டா நீந்தி வந்து தாவும், படகு கவுந்துடும்னு நெனச்சேன். தண்ணி முட்டளவுதான் ஏறும், சாயந்தரம் திரும்பிடலாம்னும் நெனச்சேன். எத முதல்ல நெனச்சேன், எதப் பின்னாடி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அது இப்பத் தெரியல. அஞ்சாம் நாள் போனேன். வெட்டின சங்கிலிதான் கெடந்துச்சு. எவனோ கறிக்குக் கொண்டு போயிட்டான்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். புள்ளைங்ககிட்ட அதுகூடச் சொல்லல.

நானே கூட்டிட்டுப் போலாமே? டாக்டரும் நூறு தடவ கேட்டாச்சு. வாடகை வீடு, அது இதுன்னு சொல்லி வச்சிருக்கேன். வீடு என்னவோ சொந்த வீடுதான். அதே ஆத்தங்கரை. வருஷா வருஷம் தண்ணி வரும். மறுபடி படகுக்காரன் ஆளு மட்டும்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? நல்லவனாட்டம் பதில் சொல்ல எனக்கும் ஆசைதாம்மா. தெரியல. நெஜமாவே தெரியல.

உங்க வீடு மேட்டுப் பக்கமா? மாடி இருக்கா? அப்பச் சரி.

டாக்டர் வர்றாங்க. அவங்ககிட்ட சொல்லணும்னா தாராளமாச் சொல்லுங்க. மொதல்ல பாரத்துல கையெழுத்தப் போட்டுருங்க, அப்பறம் சொல்லுங்க. இந்தாங்க கயிறு, கையில ரெண்டு சுத்து சுத்திக்கங்க. நான் பின்னாடி கூண்டு கழுவப் போறேன். நீங்க நிக்காம நடங்க. அது திரும்பித் திரும்பிப் பாக்கும்.

போன தடவ, படகு கெளம்பினப்பவும் பாத்துச்சு.