சாக்கு மேல் நடக்கிறவர்

கல்மண்டபத்தில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தவள், கூட வந்த பெண்ணிடம் சொன்னாள்:

"எங்க வூட்ல அவரு சாக்கு மேலதான் நடக்கிறாரு."

"ஐய, காலுக்கு இன்னாக்கா?"

"காலு நல்லாத்தான் கீது. புதுசா செவப்பு சிமெண்ட் தரை போட்டோம்ல? ஆர்பர்ல கப்பல் கரி எறக்கிட்டு வந்து அப்டியே மிதிச்சா கலீஜாயிடாது? அதான் காலுக்கு ஒண்ணா ரெண்டு சாக்குத்துண்டு வாசல்ல போட்டு வெச்சேன். அதும் மேல நின்னு தேச்சுக்கினே வர்றாரு."

"பேஜார் பண்ணலியா?"

"ரேடியோ பாட்டுக்கு ஏத்தாப்ல வழுக்கிக்கினு போறாரு. நான் தரைக்கு தேங்காண்ணெய் தடவறதோட சரி. தரை கண்ணாடியாட்டம் மின்னுது."

"அப்போ பாலீஷ் போடறதே அவருதானா!"

"கத்தாதடி. அவருக்கு அது தெரியாது. பின்சீட்லதான் குந்திக்கினு கீறாரு."

என் பக்கத்தில் இருந்தவர், கால் நகமெல்லாம் கரி படிந்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.